கட்டிலில் இருந்து பார்த்தால் இருட்டாகும் திரை

அனுப்புநர்:
பயனாளியின் அக்கா (கூடவே இருந்து பாத்துக்கிட்டவ),
மாவு மில்லுக்கு மேல் மாடி, பின்பக்கப் படிக்கட்டு.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
உதவிக் கருவிகள் வழங்கும் அலுவலகம்,
இரண்டாவது தளம்.

பொருள்: இறந்துபோன பயனாளியின் கணினித் திரையைத் திருப்பி ஒப்படைப்பது – அதற்கு முன் ஓர் உறுதி வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பிய பதினைந்து நாள் கெடு கடிதம்.

மரியாதைக்குரிய ஐயா,

1. தர மாட்டேன்னு நான் எப்பங்கய்யா சொன்னேன்? உங்க ஆபீஸ் ஆள் வந்து கதவத் தட்டினப்ப, "ஐயாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுத் தர்றேன்"னுதான் சொன்னேன். அத அவரு "தர மறுக்கிறார்"னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. திரை பத்திரமா இருக்கு. தொடச்சு, என் தங்கச்சியோட துண்டால மூடி வெச்சிருக்கேன். ஆனா அவரு படியில எறங்கும்போது இன்னொண்ணும் சொன்னாரு. இது அடுத்ததா ஒரு லாரி டிரைவருக்குப் போகுதாம். முதுகெலும்புல அடிபட்டு ரெண்டு வருசமாப் படுத்த படுக்கையா இருக்காராம். பொண்டாட்டி தூரத்துல வேல பாக்குறாங்களாம், முகத்தப் பாத்துப் பேசிக்கிறதுக்காம். அதக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்த மனுசனுக்கு மட்டும் இதக் குடுத்துடாதீங்க. அதுக்குத்தான் இந்த மனு.

மனு எப்படி எழுதணும்னு பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா சொல்லிக் குடுத்தாரு. பொருள், பார்வை வரைக்கும் அவரு சொன்னது. அதுக்கு மேல எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். ஐயா பொறுத்துக்கணும்.

2. பயனாளி என் கூடப் பொறந்த தங்கச்சி. பொறந்ததுலேருந்தே காது கேக்காது. "பேச்சு வராது"ன்னு உங்க அட்டையில எழுதியிருக்கீங்க, அது தப்புங்கய்யா. அவ கையால பேசுவா. எங்க வீட்லயே அவதான் வாயாடி. சண்ட வந்துட்டா ரெண்டு கையும் ஃபேன் மாதிரி சுத்தும். எனக்குப் பதில் வரலேன்னா கண்ண இறுக்கி மூடிக்குவேன், அவள நிறுத்த அது ஒண்ணுதான் வழி. அதுக்கு நறுக்குன்னு தொடையில கிள்ளுவா.

அவளுக்கு ஒரே பொண்ணு. அது எங்கிட்ட வாயாலயும் அம்மாகிட்ட கையாலயும் ஒரே நேரத்துல பேசும். ஆறு வருசத்துக்கு முன்னாடி கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போச்சு. அப்பத்தான் நீங்க முதல் திரை குடுத்தீங்க. கிட்டத்தட்ட சதுரமா, தடியா, சாம்பல் கலர்ல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானமானா அதுல அம்மாவும் பொண்ணும் பேசிக்குவாங்க. வீட்ல ஒரு சத்தம் இருக்காது, ஆனா கூட்டம் கூடுன மாதிரி இருக்கும்.

ரெண்டரை வருசத்துக்கு முன்னாடி நரம்பு வியாதி முத்தி அவ காலு ரெண்டும் விழுந்துடுச்சு. இடது பக்கமாச் சாஞ்சு படுத்தாத்தான் மூச்சு முட்டாம இருக்கும். திரை சுவத்துப் பலகையில, நான் நின்னா என் முகத்துக்கு நேரா இருக்கும். அவ கீழ கட்டில்லேருந்து அண்ணாந்து பாப்பா. அப்படிப் பாத்தும் அந்தப் பழைய திரையில அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுது. இத ஐயா தயவுசெஞ்சு அடிக்கோடு போட்டுக்கணும்.

3. இனிமே சொல்றது என் தப்பு. அஞ்சு வருசம் ஆன திரையக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கலாம்னு உங்க ஆபீஸ்லேருந்து கடிதம் வந்துச்சு. அவகிட்ட காமிச்சேன். வேணாம், இதே போதும்னு கையாட்டுனா. உனக்கு என்னடி தெரியும், சும்மா கெடன்னு சொல்லிட்டுப் பழசத் துணியில கட்டி பஸ் ஏத்திட்டேன்.

உங்க கீழ்த் தளத்துல நீளமேசை மேல மூணு திரை வெச்சிருந்தீங்க. ஒண்ணு பழசு மாதிரியே சதுரம். ஒண்ணு நல்லா அகலம், தட்டை. இன்னொண்ணு வில்லு மாதிரி வளைஞ்சது. அங்க இருக்குற டேப்புக்காரரு, எப்பவும் கழுத்துல அளவு டேப்பத் தொங்க விட்டுக்கிட்டு இருப்பாரே அவரு, மூணையும் மூலைக்கு மூலை அளந்து காமிச்சாரு. உங்க படிவத்துலயும் "எத்தனை அங்குலம்"னு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு. வளைஞ்சதப் பாத்து, "இது என்னங்க, வெயில்ல வெச்சு முறுக்கிக்கிச்சா?"ன்னு கேட்டேன். சதுரத்தப் பாத்து, "இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"னு கேட்டேன். அங்க நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கும் பெருமை தாங்கல. தக்காளி பொறுக்குற மாதிரி மேசைய ரெண்டு சுத்துச் சுத்திட்டு, நடுவுல நிமிந்து நின்னு, அந்த அகலமானதக் கை காட்டுனேன். சினிமாக் கொட்டகை மாதிரி இருந்துச்சு. பொண்ணோட முகம் மட்டுமில்ல, அது இருக்குற ரூமு பூரா என் தங்கச்சிக்குத் தெரியும்னு நெனச்சேன்.

அவ படுக்கையில இருக்கான்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டப் படிவத்தோட குத்தித்தான் கொண்டு போனேன். டேப்புக்காரரு, "இது கட்டில், சக்கர நாற்காலி பிரிவுக்குத்தாம்மா, திரைக்கு எதுக்கு?"ன்னு ஊசியக் கழட்டி எங்கிட்டயே குடுத்துட்டாரு. அவர நான் கொற சொல்ல வரல. நல்ல மனுசன், பெட்டிய பஸ் வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. அந்தச் சீட்ட இந்த மனுவோட மறுபடியும் குத்தியிருக்கேன்.

4. புதுசு வந்த முதல் ஞாயிறே அவ கையால கேட்டா: "ஏன் கருப்பா இருக்கு?" நான் திரைக்கு நேரா நின்னுக்கிட்டிருந்தேன். எனக்குப் பளிங்கு மாதிரி தெரிஞ்சுது. அப்ப அவ கண்ணுதான் போகுதுன்னு நெனச்சேன். இந்த வியாதி கண்ணையும் தொடும்னு டாக்டரு முன்னாடியே சொல்லியிருந்தாரு. கண் டாக்டர வீட்டுக்கே வரவழைச்சேன். அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டு, "கண்ணு உங்களத விட நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் நம்பல. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேளை பட்டினி கெடந்து அவ கண்ணுக்காகக் கும்புட்டேன். நல்லா இருக்குற கண்ணுக்கு என்னத்தக் குடுக்குறதுன்னு ஆண்டவனே கொழம்பியிருப்பான்.

ஏழு மாசம் இப்படியே போச்சு. பொண்ணு பேசும். நான் நேரா நின்னு பாத்துட்டு, திரும்பி அவளுக்குக் கையால சொல்லுவேன். அவ என் கையப் பாக்கவே மாட்டா. "அவ கை எங்க?"ன்னு கேப்பா. எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள், ஐயா, இத எழுதவே கை வரல. "காதுதான் இல்ல, கண்ணுமா இல்ல? அங்க புள்ள மூச்சு விடாமப் பேசுது, சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா என்னடி அர்த்தம்?"னு வாயாலயும் கையாலயும் கத்திட்டேன். அவ கிள்ளக்கூட இல்ல. நான் பண்ணுற மாதிரியே கண்ண மூடிக்கிட்டா.

அந்தப் பக்கம் பொண்ணு, "அம்மாவுக்கு எம்மேல கோவமா பெரியம்மா? வரலேன்னு கோவமா?"ன்னு கேட்டு அழும். கோவமெல்லாம் இல்லடா, தூக்கம்னு சொல்லுவேன். இந்தப் பக்கம் இவளுக்கு, பொண்ணு தன்கிட்டப் பேசாம எங்கிட்ட மட்டுமே பேசுதுன்னு நெனப்பு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டு, நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

5. கடைசி ஞாயித்துக்கிழமை பொண்ணு லீவு கெடச்சுருச்சுன்னு சொல்லிச்சு. இருபதாம் தேதி வர்றேம்மான்னு கையால திருப்பித் திருப்பிக் காமிச்சுது. நான் திரும்பி அவகிட்ட சொன்னேன். என்னைய ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "நீ சொல்ற. அவ சொல்லட்டும்"னு காமிச்சுட்டு சுவத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. வியாழக்கிழமை காலையில காபி ஆத்திக்கிட்டு வந்து எழுப்புறேன், உடம்பு சில்லுன்னு இருக்கு. பொண்ணு இருபதாம் தேதிக்கு முன்னாடியே வந்துச்சு. அம்மாவோட கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அஞ்சு நாள் இருந்துட்டுப் போயிருச்சு.

6. அது திரும்பிப் போன அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு முட்டி வீங்கி நடக்க முடியல. என் தங்கச்சி கட்டில்லயே, அவ படுக்குற மாதிரியே இடது பக்கமாச் சாஞ்சு படுத்தேன். மத்தியானம் திரையில மணி அடிச்சுது. மவுஸு அவ தலகாணிக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு, அமுக்குனேன்.

ஐயா, திரையில பொண்ணு இல்ல. கரி அப்புன மாதிரி ஒரு முகம். கருப்பா இருக்க வேண்டிய கண்ணு வெளுத்து, வெளுப்பா இருக்க வேண்டிய பல்லு கருத்து, பழைய ஃபோட்டோ பிலிம வெளிச்சத்துல தூக்கிப் பாத்த மாதிரி இருந்துச்சு. கை இருந்த எடத்துல வெறும் இருட்டு. நான் பதறி எந்திரிச்சேன். எந்திரிக்க எந்திரிக்க விடியுற மாதிரி முகம் வெளுத்து, பொண்ணு வந்துச்சு. மறுபடி படுத்தேன், போயிருச்சு. எந்திரிச்சேன், வந்துச்சு. முட்டி வலி மறந்து நாலஞ்சு தடவ படுத்து எந்திரிச்சேன். "என்ன பெரியம்மா பண்றீங்க?"ன்னு அது சிரிச்சுது. அம்மா போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அது சிரிச்சுது. இடுப்புக்குப் பயிற்சின்னு சொல்லிட்டேன்.

7. கீழ் வீதி கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரக் கூட்டிட்டு வந்து காமிச்சேன். அவரு செருப்பக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுத்தே பாத்தாரு. அப்புறம் எழுந்து உக்காந்து வெவரம் சொன்னாரு. அவரு சொன்னத எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன். திரைக்குள்ள பேனல்னு படம் காட்டுற தகடு ஒண்ணு இருக்காம், அதுல வகை வகையா உண்டாம். ஐ.பி.எஸ்.னு ஒண்ணு, மேல கீழ பக்கவாட்டுல எங்கேருந்து பாத்தாலும் முகம் முகமாவே இருக்குமாம். எங்க பழைய சதுரம் அந்த வகையாத்தான் இருந்திருக்கணும்னாரு. வி.ஏ.ன்னு ஒண்ணு, நேராப் பாத்தா கருப்பு நல்லாக் கருப்பா இருக்குமாம், ஓரத்துலேருந்து பாத்தா வெளிறுமாம். இந்தப் புதுசு டி.என்.னாம். நேரா உக்காந்து வெளையாடுறவங்களுக்கு வேகமா ஓடும், கீழேருந்து பாத்தா வெளுப்பு கருப்பா, கருப்பு வெளுப்பாக் கவுந்துரும்னாரு.

அகலமும் எங்களுக்கு ஆகாதாம். பொண்ணு ஃபோன நிமித்தி வெச்சுப் பேசும். அந்தப் படம் அகலத் திரைக்கு நடுவுல கதவிடுக்கு மாதிரி ஒல்லியா விழும், ரெண்டு பக்கமும் சும்மா கருப்பு. பழைய சதுரத்துல தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் பெருசாத் தெரியும், கை பூரா தெரியும். கையால பேசுறவங்களுக்கு அதுதான வாயி? சினிமாக் கொட்டகைன்னு நெனச்சு நான் என் தங்கச்சிக்கு இருட்டுக் கொட்டகைய வாங்கிட்டு வந்திருக்கேன்.

8. அதனால கேட்டுக்கிறது என்னன்னா:

இந்தத் திரைய அந்த லாரி டிரைவருக்கு ஒதுக்க வேணாம். நேரா உக்காந்து பாக்குற யாருக்காவது குடுங்க, அவங்களுக்கு இது நல்ல சாமான்தான். அவருக்குக் குடுக்குறது எதுவா இருந்தாலும், உங்க ஆபீஸ் ஆள் யாராவது ஒருத்தர் அவரு கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து பாத்துட்டு அப்புறம் கையெழுத்து வாங்கணும். அப்படிச் செய்வோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், அன்னிக்கே திரையக் கொண்டாந்து தர்றேன்.

படிவத்துல அங்குலக் கட்டத்துக்குக் கீழ இன்னொரு கட்டம் போடணும்: "பார்ப்பவர் எங்கேயிருந்து பார்ப்பார்? உட்கார்ந்தா, படுத்தா, எந்தப் பக்கம் சாய்ந்து?" அவ்வளவுதான். அதுக்கு ஒரு வரி எடம் போதும்.

இதுக்கு நீங்க எழுதுற பதிலோட நகல் பொண்ணோட விலாசத்துக்குப் போகாமப் பாத்துக்கணும். வாரிசுன்னு அது பேரு உங்க ஃபைல்ல இருக்கு. அம்மாவுக்குத் தன் கை தெரியவே இல்லன்னு அதுக்கு இன்னும் தெரியாது. நேர்ல வரும்போது நானே சொல்லுவேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல, ஆனா கடுதாசியில தெரிய வேணாம்.

யாருக்கும் தண்டனை வாங்கிக் குடுக்க இத நான் எழுதல. அப்படித் தண்டனைன்னு ஒண்ணு இருந்தா, மேசைக்கு முன்னாடி நிமிந்து நின்னவளுக்குத்தான் முதல்ல. ஐயா குடும்பத்த ஆண்டவன் கண்ணுங் கருத்துமாக் காப்பாத்தட்டும். பதிலுக்கு வாசல்லயே உக்காந்திருப்பேன்.

இடம்: வீடு
தேதி: கெடு முடிய மூணு நாள் இருக்கையில்

இப்படிக்கு,
பயனாளியின் அக்கா
(கையெழுத்து)

ஐயா, ஒட்டுறதுக்கு முன்னாடி இப்பத்தான் ஞாபகம் வருது, இதையும் சேத்துக்கணும். ஆறு வருசத்துக்கு முன்னாடி முதல் திரை வாங்க அவளும் எங்கூட வந்திருந்தா. அப்ப நல்லா நடப்பா. அன்னிக்கும் அந்த நீளமேசையில மூணு நாலு திரை இருந்துச்சு. அவ என் கைய விட்டுட்டு சிமெண்டுத் தரையில உக்காந்தா, தலைய இடது பக்கமாச் சாய்ச்சா, ஒவ்வொரு திரையா அண்ணாந்து பாத்தா. கடைசியில அந்தச் சாம்பல் கலர் சதுரத்தத் தொட்டுக் காமிச்சா. எல்லாரும் பாக்குறாங்க, எந்திரிடி, மானம் போகுதுன்னு நான்தான் அவ தோளப் புடிச்சுத் தூக்குனேன். காலு போயிரும், இடது பக்கமாச் சாஞ்சே படுக்க வேண்டி வரும்னு டாக்டரு அதுக்கு முந்தின வாரமே அவகிட்ட எழுதிக் காமிச்சிருந்தாரு. எங்களுக்கு அவ அத ஒரு வருசம் கழிச்சுத்தான் சொன்னா.