உலைக் கம்பியும் உன் மாமாவும்

அன்பு மகனுக்கு,

உன் மாமா செய்த தப்பைத் தொழிற்சாலையில் என் தலையில் கட்டிவிட்டார்கள், அவனும் வாயைத் திறக்காமல் நின்றான். மற்றபடி நான் நலம், மூட்டுவலி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது. உன் சளி விட்டதா?

சக்கர நாற்காலிக்கு நாங்கள் வார்க்கும் அலுமினியக் கால்தாங்கிகளில் மூன்று, காலை வைத்ததும் முறிந்துவிட்டன. ஒரு பெரியவருக்கு முழங்கால் கிழிந்ததாம். அச்சில் காற்று வெளியேறும் வழியை நான் துடைக்கவில்லை, அதனால்தான் உள்ளே குமிழி என்று எங்கள் ஒல்லி மேலாளர், ஒட்டடைக்குச்சி என்போமே, அவர் எழுதிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகத் துடைக்கிறேன்! முறிந்த துண்டை நானே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, முகம் தெரியும் வரை மெருகேற்றி, சோதனை அறை நுண்ணோக்கியில் வைத்தேன். உனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்றார் ஒட்டடைக்குச்சி. பள்ளிக்கூடம் போகலைன்னா கண்ணு தெரியாதா சார் என்றேன்.

வைத்த கண்ணை எடுக்க முடியவில்லையடா. பனி மூடிய வெளி போல அலுமினியம் வெளுத்துக் கிடந்தது, ஓரங்களில் சிலிக்கான் சாம்பல் நிறப் பாசியாகப் படர்ந்திருந்தது. நான் எங்கோ உயரத்தில் மிதந்து போகிறேன், கீழே யாரும் நடக்காத ஊர், சத்தமே இல்லை. குமிழி என்றால் வட்டமாகக் கறுத்துத் தெரியும், ஒன்றுகூட இல்லை. பதிலுக்கு, யாரோ தையல் பெட்டியைக் கவிழ்த்தது போல நீள நீளமாக ஊசிகள். விரிசல் ஊசிக்கு ஊசி, தூக்கத்தில் நடப்பவன் மாதிரி போயிருந்தது. அந்த ஊசி இரும்பால் வருவது. அலுமினியத்தில் கொஞ்சம் இரும்பு வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் அச்சில் ஒட்டிக்கொள்ளும். அளவு மீறினால் அது இப்படி ஊசியாக உறையும். மாங்கனீசு போட்டால் ஊசி குறுகி உருண்டுவிடும், ஆனால் அது தெரிந்த இரும்புக்கு அளந்து போடுவது. திருட்டுத்தனமாக வந்த இரும்பை அது என்ன செய்யும்?

உலையைக் கிளறும் எஃகுக் கம்பிக்குத் தினமும் காலையில் வெள்ளைப் பூச்சு பூசிக் காயவைக்க வேண்டும். பூச்சில்லாவிட்டால் உருகிய அலுமினியம் கம்பியைத் தின்னும், அந்த இரும்பு உலையில் கலந்துவிடும். உலைக்காரன் உன் மாமாதானே, போய்ப் பார்த்தேன், கம்பி நுனி பென்சில் சீவினது போல இருந்தது. காய அரை மணி ஆகுதுக்கா, ஒரு மாசமா பூசலை, நீ ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்ருவாங்க, என்னைன்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க என்று அழுதான். சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் நான் அடி வாங்கினேன். இது கண்ணாடி இல்லை. அந்த மாதம் வார்த்த நானூறு கால்தாங்கிகள் பெட்டியில் இருக்கின்றன, வியாழக்கிழமை லாரி வருகிறது.

ஆகவே ஒட்டடைக்குச்சி பெட்டிகளைப் பிரிக்க வேண்டும், இரும்பின் அளவு குறையப் புது அலுமினியம் கலக்காமல் அவற்றை உருக்கக் கூடாது, உலையையும் அடிவரை காலி செய்ய வேண்டும். காகிதத்தில் என் பேரை எழுதின கையே அதை அடித்துவிட வேண்டும். நீ மாமாவுக்குப் போன் போட்டு ஆறுதல் சொல்லக் கூடாது, எனக்கும் விட்டுடும்மா என்று எழுதக் கூடாது. வேளைக்குச் சாப்பிட்டு நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அது என் ஆசீர்வாதம், அதையும் மீறாதே. மாமா புதன்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போய்த் தன் வாயால் சொல்ல வேண்டும். போகாவிட்டால் நான் சொல்வேன், அது அவனுக்குத் தெரியும். போனால், அவன் சொல்லி முடிக்கும்வரை நான் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன் அம்மா