பூசை முடிந்த வாசக்கால்

அக்கா,

இன்று காலை நம் கொட்டகையில் இருந்தவர்கள் நான், உங்கள் வீட்டுக்காரர், நஞ்சன்கூடு ரோட்டில் தனக்கென்று வீடு கட்டும் கொத்தனாரின் மனைவி செல்வி, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வேறு யாரும் இல்லை. மூலையில் கிடந்த தார்ப்பாயை அவர் விலக்கியதும் உங்கள் வாசக்காலின் வேங்கை மர வாசனை வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அக்ரஹாரத்தில் அடுப்படியே கதியென்று இருந்த நாம் இந்த மிச்சச் சாமான் வியாபாரத்துக்கு வந்ததே உங்கள் வாயால்தான். புது லேஅவுட்டில் ஒரு வீடு முடிந்து, மிஞ்சிய செங்கல்லையும் மொசைக் கல்லையும் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிட்டீர்கள்.

"சும்னே குழியில கொட்டவா இதைச் சூளையில வச்சுச் சுட்டாங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டீர்கள்.

மேஸ்திரி சிரித்தார். "அப்படின்னா தலையில வச்சுக்கிட்டுப் போங்கம்மா."

மறுநாளே மாட்டு வண்டியோடு போய் நின்றீர்கள். அன்று முதல் பேச்சு உங்களுடையது, கணக்கு என்னுடையது. ஒரு வீட்டில் மிஞ்சியது நாலு தெரு தள்ளி யாரோ ஒருத்தியின் அடுப்பு மேடையாயிற்று.

இந்த வாசக்காலை மட்டும் நீங்கள் விற்கவில்லை. செய்யச் சொன்னவர் வாசலை அகலமாக்கிவிட்டதால் மிஞ்சியது. "இது எங்க வீட்டுக்கு" என்றீர்கள். உங்களுக்கு இருந்ததோ வெறும் மனை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்திருந்த மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினீர்கள்.

நான் பதறிப்போனேன். "என்னக்கா இது! அஸ்திவாரமே இல்ல, வாசக்காலுக்குப் பூசை முடிஞ்சுபோச்சா?"

"கம்முனு இருடி. நல்ல விலை வந்தா நானே வித்துடுவேன். இப்ப விக்க முடியாதில்ல?"

ஒரு வீட்டுக்கென்று பூசித்ததை இன்னொரு வீட்டில் நிறுத்தக்கூடாது என்பது நம் இருவருக்கும் தெரியும். உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொண்டீர்கள். பிறகு உங்கள் வைத்தியச் செலவுக்கு மனை போயிற்று. நீங்களும் தங்கவில்லை.

செல்வி வீட்டில் வாசலுக்கு இடம் விட்டுச் சுவர் எழுந்துவிட்டது. இப்போதைக்குச் சாக்குத்தான் தொங்குகிறதாம். மழையும் வரப்போகிறது. "கழுவிக் குடுங்கம்மா, நான் புதுசாப் பூசிக்கறேன். அந்தம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்றாள். உங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ பொருள். அவளையே கேளும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

செம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். காய்ந்த மஞ்சளில் உங்கள் விரல்கள் இழுத்த கோடுகள் அப்படியே இருக்கின்றன, அக்கா. சாத்திரத்தை மீறுவதற்கு நஞ்சுண்டேஸ்வரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். கழுவத்தான் கை வரவில்லை.

வாய் திறக்கத் தெரியாத நான் இப்போது கட்டட வாசல்களில் நின்று, "மிஞ்சினது ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்கிறேன். நீங்கள் விட்டுப்போன அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. செல்வியிடம் மட்டும் ஆகட்டும் என்றும் சொல்ல முடியவில்லை, ஆகாது என்றும் சொல்ல முடியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வாசக்கால் நிறுத்த நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் கனவிலாவது வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும், அக்கா.