மடிப்பில் எழுதிய எச்சரிக்கை

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்
20-4-1983

அன்பு மகன் ஜார்ஜுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ஆஸ்திரேலியாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புதான் சுகம், மனசு கொதிக்கிறது. காட்டு மண்ணைப் படிக்கப் போனவன் போன கடிதத்தில் என்ன எழுதினாய்? அளவாகத் தீ வைத்தால் சாம்பல் மண்ணுக்கு உரமாகிறது என்று எழுதினாய். உன் அப்பா அதைத் தேக்கா காப்பிக்கடையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்து, மழையே பெய்யாத மாதத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த லாலாங் புல்லில் நெருப்பு வைத்தார். தடுத்தேன். "சும்மா கொஞ்சந்தான் லா, நம்ம பையன் படிச்சு எழுதியிருக்கான்" என்றார். கொஞ்சமா எரிந்தது? காற்று திரும்பி, பக்கத்து வீட்டு மைமூனின் மரவள்ளியும் வாழையும் மொத்தமாகப் போயின. அவள் வீடு தப்பியது ஆண்டவர் செயல்.

மறுநாள் குப்பைக்கூடையில் உன் ஏரோகிராம் கடிதத்தின் ஒட்டுகிற மடிப்பு கிடைத்தது, இவர் அவசரத்தில் கிழித்து எறிந்தது. அதில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய், மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் வைக்க வேண்டும், தீ மிஞ்சினால் தழைச்சத்து புகையோடு போய்விடும், மேல்மண்ணில் மக்கிய இலைதழையும் எரிந்துவிடும், மிஞ்சிய சாம்பலை முதல் மழை அடித்துக்கொண்டு போகும் என்று. அப்படியே நடந்தது. போன வாரம் மழை கொட்டி, கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக ஓடியது. நல்லதை நடுவில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு ஆபத்தை மூலையில் திணிப்பாயா? அவர்மேல் பாதிக் கோபம், உன்மேல் பாதி.

வருகிற ஜனவரிக்குள் இந்தக் கம்பத்தையே, ஊர் முழுவதையும், காலி செய்யச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்திருக்கிறது, எல்லோருக்கும் ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு. மண்ணில் கை வைக்க மைமூனுக்கு இருந்தது இந்த ஒரு வருடம்தான். அவள் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லக்கா" என்றாள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா தினமும் மக்கிய இலையைக் கூடையில் சுமந்து அவள் கொல்லையில் கொட்டுகிறார், அவள் கதவைத் திறப்பதில்லை.

நீயும் தீ வைக்கிற இடத்துக்கெல்லாம் போகிறாயாம். காற்று போகிற பக்கம் நிற்காதே. ஞாயிறு பூசையை விடாதே. மைமூனுக்குத் தனியாக ஒரு கடிதம் மறக்காமல் போடு, மன்னிப்பை முதல் வரியில் கேள். ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்
அம்மா பிலோமினம்மாள்

பி.கு. அந்த மண் பழையபடி ஆக எத்தனை நாள் பிடிக்கும் என்று அப்பா கேட்கச் சொல்கிறார், அவருக்கே எழுதக் கூச்சமாக இருக்கிறதாம். வருடக்கணக்கில் ஆகும் என்றால் அந்தப் பதிலை மட்டும் எழுதாதே.