கேட்டால்தான் வரும் வாரிஸ் பெயர்

என் பிரியத்துக்குரிய அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகும் உன்மேல் எனக்குப் பொறாமை குறையவில்லை.

நீ போன நாலாவது மாதம் ஷா ஆலம் வேலையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் உன் ஆபீசிலேயே சேர்ந்தேன். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தால் உன்னைப் பற்றிய பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். எங்கே அடங்கியது? "உங்க அக்கா இத இப்படிச் செய்ய மாட்டாங்க லா" என்று தினமும் ஒரு பாட்டு. பாடுவது உன் உயிர்த்தோழி ஜெனிஃபர்தான்.

டயாலிசிஸ் மையங்களுக்கான சாஃப்ட்வேரில் நீ எழுதி வைத்த டெஸ்டுகள் இன்னும் ஓடுகின்றன. உண்மையான டேட்டாபேஸைத் தொடாமல், அதைப் போலவே பதில் சொல்லும் ஒரு பொய் டேட்டாபேஸை வைத்துச் சோதிக்கும் டெஸ்டுகள். ரொம்ப நீளம் என்று சாக்குச் சொல்லி அதில் ஒன்றைத் தூக்கிவிட்டு, நானே ஒரு பொய்யை எழுதி, நான் புதிதாக மாற்றிய நோயாளித் திரையை அதை வைத்தே சோதித்தேன். எல்லாம் பாஸ், திரை முழுக்கப் பச்சை. அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை நீ பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் கிள்ளான் மையத்திலிருந்து ஃபோன். நோயாளிக்கு ஏதாவது என்றால் கூப்பிட வேண்டிய உறவினர், அந்த வாரிஸ் பெயர், ஒருவருக்கும் திரையில் வரவில்லையாம். என் பொய்யில் நோயாளியைக் கேட்டால் வாரிஸும் கூடவே வந்துவிட்டார். உண்மையான டேட்டாபேஸில் தனியாகக் கேட்டால்தான் வருவார். உன் பொய்யிலும் அப்படித் தனியாகக் கேட்டால்தான் வருவார்.

"அக்கா டெஸ்ட்ட ஏன் தூக்கினே? அது அப்பவே பிடிச்சிருக்கும் லா" என்றாள் ஜெனிஃபர். அவள் வாயிலிருந்தா நான் இதைக் கேட்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் நீ வாரிஸ் என்று எழுதிக் கொடுத்ததும் அவள் பெயரைத்தானே? "நீ ஃபோனே எடுக்க மாட்டே சுமதி, அதான்" என்றாய். எடுக்காதது உண்மைதான். அதற்காக?

உன் டெஸ்டைத் திரும்பப் போடும்போதுதான் உள்ளே இருந்த பொய் நோயாளியைப் பார்த்தேன். நோயாளி: சுமதி. வாரிஸ்: அக்கா. அங்கேயும் நான்தான் சீக்காளி, நீதான் பார்த்துக்கொள்பவளா? எரிச்சலாக வந்தது. அப்புறம் அழுதேன்.

அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். நோயாளி: நீ. வாரிஸ்: சுமதி, தங்கை. ஓட்டினேன், பச்சை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது, தெரியும். தெரிந்தும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

இனி உன் டெஸ்டைத் தூக்க மாட்டேன். ஜெனிஃபர் கூப்பிட்டால்கூட முதல் ரிங்கிலேயே எடுப்பேன். ஆனால் அந்த ஒரு வரியில் மட்டும் அவள் பெயரை வர விட மாட்டேன்.

உன் வாரிஸ்,
தங்கச்சி சுமதி