தகரக் கூரையும் கடைசி வரியும்

செப்டம்பர் 11, புதன்

காலையிலிருந்து மழை. லாட்ஜில் இரண்டு அறைகளில்தான் ஆள். ஒருவர் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்து, ஜன்னலைத் திறந்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறது, வியூ எங்கே என்று கேட்டார். மேகம் போனால் தெரியும் என்றேன். எப்போது போகும் என்றார். அது தெரிந்தால் நான் ஏன் இந்த ஒண்டிக்கடை முக்கு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

வேலை முடிந்து நாகலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் லேப்டாப்பில் தங்கை மேனகாவின் பாட்டைத் திறந்தேன். போன ஞாயிறு, மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஒரே தடவையில் பாடிக் கொடுத்தாள். அவள் தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் ஆறு வருடம் கத்தியதற்குக் கிடைத்த பரிசு. அக்டோபர் 14-ம் தேதி சேலத்தில் ஆபரேஷன். அதுவரை பாடவே கூடாதாம், வீட்டிலாவது பேசாமல் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

ஆக, என் தங்கையின் இந்தக் குரல் இந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது. 14-க்கு முன்னால் நன்றாக முடித்து அவள் காதில் போட்டுவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பாட்டு அவளே எழுதியது. கடைசி பஸ்ஸில் ஒருத்தி வருகிறாள். அவள் இறங்க வேண்டிய இடம் வருகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார், அவள் இறங்கவில்லை. கடைசி வரி: “நான் எறங்கலைங்க, போகட்டும்.” அதை அவள் பாடவில்லை, கிட்டத்தட்ட மூச்சாக விட்டாள். மற்ற இடமெல்லாம் நான் லேப்டாப்பில் சேர்த்த டிரம், கிடார், நல்ல சத்தம்.

சிக்கல் அந்த வரிதான். என் அறையில் அது கேட்கவே மாட்டேன் என்கிறது. ஹெட்போனில் ஒரு பக்கம் செத்து மாதம் இரண்டாகிறது, ஸ்பீக்கரில்தான் வேலை.

ஒரு வீடியோவில் மொத்தப் பாட்டின் மேலும் கம்ப்ரஸர் போடு என்கிறான். சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அது அமுக்கும். அமுக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்கலாம். மெல்லிய இடமும் ஏறி வரும், பாட்டு ஒட்டிக்கொண்டு ஒரே பாட்டாகும் என்கிறான். அடுத்த வீடியோ, தெரியாதவன் மொத்தப் பாட்டில் கம்ப்ரஸரைத் தொடவே கூடாது என்கிறது. மூன்றாவது ஆள், தொடலாம், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் ஊசி லேசாக அசைந்தால் போதும் என்கிறான். மூன்று பேருக்கும் லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்திருக்கிறது. யாரை நம்ப?

போட்டுப் பார்த்தேன். பாட்டு திடீரென்று பெரிதாகிவிட்டது. கடைசி வரியும் கொஞ்சம் கேட்டது. அப்படியானால் இன்னும் கொஞ்சம்?

செப்டம்பர் 19, வியாழன்

இன்னும் கொஞ்சம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான்கு நாளாக விடாத மழை. ஊசி எட்டு வரைக்கும் போகிறது, இரண்டைத் தாண்டாதே என்று அந்த மூன்றாவது ஆள் சொன்னது நினைவில் இருக்கிறது. ஆனால் கம்ப்ரஸரை எடுத்துவிட்டுக் கேட்டால் பாட்டே செத்துக் கிடக்கிறது, போட்டால் உயிர் வருகிறது. காதுக்கு நன்றாக இருப்பது தப்பாக இருக்க முடியுமா?

முடிந்தது என்று வைத்துக்கொண்டு மேனகாவின் போனுக்கு அனுப்பினேன். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். நாளை ஸ்கூலில் நிதானமாகக் கேட்கிறேன் என்று சைகை செய்தாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சண்டை.

நேற்று மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, போனை மேசைமேல் வைத்து மெதுவாகத்தான் போட்டாளாம், எழுதிக் காட்டினாள். பாட்டு முழுக்க யாரும் அசையவில்லை. கடைசி வரி வந்தபோது ஒரு பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழுதுவிட்டதாம். அந்த வரியில்! அவள் மூச்சாக விட்ட வரியில்! டிரம் விழும்போதெல்லாம் குரல் பயந்து உள்ளே போகிறதாம், டிரம் ஓய்ந்தால் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. நீயும் உன் பிள்ளைகளும் கேட்கிற லட்சணம் என்றேன். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? உன் குரல் அவ்வளவு மெலிசு, தூக்கித்தான் காட்ட வேண்டியிருக்கு, நான் என்னடி பண்றது என்று கேட்டுவிட்டேன். இருபது நாளில் ஆபரேஷனுக்குப் போகிறவளிடம்.

டாக்டர் பேசாதே என்றதையும் மீறி மெதுவாகச் சொன்னாள். “அக்கா, மெலிசுனு தெரிஞ்சுதான் அப்படிப் பாடுனேன். இப்ப அது நானில்ல.”

செப்டம்பர் 26, வியாழன்

மேனகா பேசவில்லை. டாக்டர் சொன்ன ஓய்வா, என்மேல் கோபமா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒண்டிக்கடையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் சத்யராஜிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். என்னோடு பிளஸ் டூ படித்தவர்தான். ஆனால் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்ததிலிருந்து ங்க போட்டுத்தான் பேசுகிறார்.

கடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, மொதல்லருந்து கடைசி வரைக்கும் லாரி ஹாரன் மாதிரி ஒரே மட்டத்துல இருக்குதுங்க. சத்தத்தை ஏத்தறது என்னோட வேலைங்க. அதை நீங்களே ஏத்திக் கொண்டாந்துட்டா நான் எங்கீங்க ஏத்தறது?”

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கடையில் எனக்கே அது இரைச்சலாகத்தான் கேட்டது. அதே பாட்டை வீட்டுக்கு வந்து போட்டேன். சரியாக இருக்கிறது. கடைசி வரி இன்னும்கூடக் கொஞ்சம் ஏறலாம் போலிருக்கிறது.

என் காதில் கோளாறா? அவள் தொண்டைக்கு ஆபரேஷன், எனக்குக் காதுக்கா?

அக்டோபர் 5, சனி

எடுத்தேன், போட்டேன். மறுபடி எடுத்தேன். அதே பாட்டை மூன்று விதமாகச் செய்து வைத்திருக்கிறேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு ஓய்ந்து, தட்டைக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் ஒன்பது நாள். பேசாமல் இதை இப்படியே விட்டுவிடலாமா? கெடுத்து வைத்ததற்குச் சும்மா இருந்திருக்கலாம்.

அக்டோபர் 10, வியாழன்

எனக்கு வார லீவு. காலை பத்து மணிக்கு மழை சட்டென்று நின்றது. ஒரு மாதமாகத் தலைக்கு மேலே பொரிந்துகொண்டிருந்த தகரம் வாயை மூடிக்கொண்டது. காப்பிச் செடியிலிருந்து சொட்டுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஐயோ. எழுந்தே நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை அழுததில் தப்பே இல்லை, நானே அழுதிருப்பேன். “நான் எறங்கலைங்க” என்று என் தங்கை கண்டக்டரை அதட்டுகிறாள்.

இத்தனை நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்திருக்கிறேன்? கூரையோடு போட்டி. மழை ஓங்க ஓங்க, மெல்லிய இடமெல்லாம் காதில் விழவில்லை என்று தூக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அவளுடைய ஸ்கூலும் சத்யராஜ் கடையும் கான்கிரீட். அங்கே மழையே இல்லை, பாட்டு மட்டும்தான். தகர வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மழைச் சத்தம் ஒரு சத்தமாகவே உறைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதுக் கழுதை நான்!

கம்ப்ரஸரைக் கழற்றினேன். போட்டபோது கூடிய சத்தத்தையும் சரிக்குச் சரி கூட்டிவைத்துவிட்டுக் கேட்டேன். செத்துக் கிடந்த பாட்டு சாகவே இல்லை, வெறுமனே சத்தம் குறைவாக இருந்திருக்கிறது. சத்தம் கூடியதையெல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்திருக்கிறேன். குரலை உள்ளே தள்ளியதும் டிரம்தான். அது ஒவ்வொரு அடிக்கும் கம்ப்ரஸரை உதைத்தது, கம்ப்ரஸர் எல்லோரையும் சேர்த்து அமுக்கியது. டிரம்மை மட்டும் தனியாகக் குறைத்தேன். பிறகு கம்ப்ரஸரை லேசாக, ஊசி ஒன்றரையைத் தாண்டாமல் வைத்தேன். கடைசி வரியில் ஊசி அசையவே இல்லை.

சரியா? தெரியவில்லை. இப்போது என்னையே எனக்கு நம்பிக்கையில்லை. மூன்று மணிக்கு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பூஜை விடுமுறைக் கூட்டத்தில் லாட்ஜ் நிரம்பி வழிந்தது. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்து, ஸ்கூல் சாவியை எடுத்துக்கொண்டு வா என்று மேனகாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று புருவத்தால் கேட்டாள். உன் கூரை வேணும் என்றேன்.

குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்க இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெளியே தூறல், உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்துப் போட்டேன். அவளைப் பார்க்கப் பயந்துகொண்டு சுவரில் ஒட்டியிருந்த ‘அ - அணில்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிக்கு முன்னால் அவள் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தது தெரிந்தது. குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“இதுதான்க்கா நான் பாடுனது.”

மெலிசு என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பேசாதே என்று என் வாயைப் பொத்தினாள். பேசக்கூடாதவள் அவள், வாயை மூடியது எனக்கு.

அக்டோபர் 14, திங்கள்

காலை அடிவாரம் தாண்டும்வரை என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள். ஆபரேஷன் முடிந்தது. பயமில்லை என்றார்கள். பத்து நாள் ஒரு வார்த்தைகூடக் கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஸ்கூல் சிலேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதிக் காட்டுகிறாள். இன்று எழுதியது: “குரல் வேற மாதிரி வந்தா?” அழித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பாட்டு பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால், இனி வரப்போவது வேண்டாம் என்று ஆகிவிடாதா? சொல்லவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மேனகா இன்று மறுபடி ஸ்கூலுக்குப் போனாள். கத்தக்கூடாது என்பதால் கையில் ஒரு மணி.

மத்தியானம் நான் ரிசப்ஷனில் இருக்கும்போது அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பதினோரு செகண்டு. பிள்ளைகள் தூங்குகிற நேரம். ஒண்டிக்கடையில் மழை கொட்டுகிறது, லாட்ஜ் வாசல் தகர ஷீட்டில் அடிக்கிற அடியில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை ஏற்றக் கை போனது. ஏற்றவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய், மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு காதில் வைத்தேன்.

“அக்கா, பாட்டு போட்டேன். கடைசி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல.”

குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, ஓரத்தில் லேசாகக் கரகரப்பு. பழைய குரல் இல்லை. ஆனால் மேனகாதான். மூன்று தடவை கேட்டேன். சாவி கேட்டு யாரோ பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.