புல்லுக்குள் இருந்த சர்க்கரை

புருலியா,
14 ஜூன் 2024

அன்புள்ள பிரியம்வதா,

நலம். இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. கம்பெனித் தோட்டத்துப் புல் கட்டை உன் லேபுக்கு ஏற்றிவரும் வெள்ளிக்கிழமை வேனிலேயே இதையும் கொடுத்தனுப்புகிறேன். நேற்று முதல் விவசாயியாக ஹராதன் மாத்தோ சம்மதித்துவிட்டார். இந்த மழைக்கு நெல் போடாமல் நம் கம்பெனிக்காக நேப்பியர் புல் நடுகிறார். "புல்லுலேர்ந்து சர்க்கரை, அதுலேர்ந்து பெட்ரோல்ல கலக்கற எத்தனால்ங்கறீங்க. நிஜமா வருமா தாதா?" என்றார், என்னை அண்ணனாக்கி. "என் பெண்டாட்டிதான் லேபுல எடுத்துப் பார்க்கறா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே சரியென்றுவிட்டார்.

போன தடவை நீ எழுதியது நாலே வரி. அவ்வளவு வேலையா?

உன் அனந்த்


நியூ டவுன், கொல்கத்தா,
21 ஜூன் 2024

அன்புள்ள அனந்த்,

லேக் மார்க்கெட் போய் அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். மழையில் நனையாதீர்கள். புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம். ஹராதனையும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்களேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பிரியா


புருலியா,
28 ஜூன் 2024

அன்புள்ள பிரியா,

மழை ஒரு மாதம் காத்திருக்குமா? செவ்வாய்க்கிழமையே நட்டாயிற்று. ஹராதனைப் பார்த்து இன்னும் ஆறு குடும்பம். காரணம் சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேனா? ஊறுகாய் வந்தது.

அனந்த்


கொல்கத்தா,
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அனந்த்,

ஆபீஸிலிருந்து சொல்வதற்கு முன் என்னிடமிருந்து தெரியட்டும். சின்னக் குடுவையில் எல்லாம் சரியாக வந்தது. பெரிய தொட்டியில் புல்லை அமிலம் விட்டு வேகவைத்தால், சர்க்கரையோடு வேறு ஏதேதோ இறங்கி, அதை எத்தனாலாக்க வேண்டிய ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறது. பதினோரு முறை பார்த்தோம். திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். புல்லை யாரும் எடுக்க வரமாட்டார்கள். இதுதான் கடைசி வேன்.

எனக்கு மே மாதமே தெரியும். வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரரிடம்கூடவா என்று கேட்டேன். "அவர்கிட்டதாம்மா முக்கியமா" என்றார் எங்கள் லேப் தலைவர் சௌந்தரராஜன் சார். அடுத்த முறை சரியாகிவிடும், அடுத்த முறை சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு புல் கட்டையும் பிரித்தேன். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்துவிடுங்கள்.

பிரியா


புருலியா,
27 செப்டம்பர் 2024

பிரியம்வதா,

இதைத் தபாலில் போடுகிறேன். ஹராதனிடம் நானே போய்ச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "பௌதிக்கு எப்பத் தெரியும்?" என்றார். அண்ணி என்றுதான் உன்னைச் சொல்வார். "இப்பத்தான்" என்றேன். உனக்காகச் சொன்னேனா, எனக்காகவா, தெரியவில்லை.

ஏழு வீட்டிலும் இந்த வருஷம் நெல் இல்லை. ஆளைவிட உயரமாக நிற்கிற புல்லை அவர்கள் மாடுகள் எவ்வளவுதான் தின்னும்? வேரோடு பிடுங்கி மறுபடி உழ வேண்டும். நானும் கூட நிற்கிறேன். அதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை.

அதன் பிறகு எங்கே போவேன் என்று தெரியாது. நியூ டவுனுக்கு என்று எழுதக் கை வரவில்லை.

அனந்தகிருஷ்ணன்