தென்னேரிக் கழனி

அருகன் துணை

வாலாஜாபாத்
12.1.2024

அன்புள்ள தங்கை ரத்னமாலாவுக்கு அண்ணன் மல்லிநாதனின் ஆசீர்வாதம்.

போனில் நீ கத்துவதும் நான் "என்னா, என்னா" என்பதும் தெருவுக்கே கேட்கிறது. என் காதுக்கு இனி கடிதம்தான் சரி.

மருந்துக் கடையும் தென்னேரிக் கழனியும் விற்பனைக்கு என்று போர்டு வைத்திருந்தேன் அல்லவா, இரண்டுக்கும் ஆள் வந்துவிட்டது. கடையை ஜெயக்குமார் என்ற பையன் வாங்குகிறான். குழந்தைகளுக்கான நம் உரை மருந்தின் பக்குவத்தையும் சேர்த்துக் கேட்டான், சொல்லிக் கொடுத்துவிட்டேன். சாவி கைக்கு வந்த அன்றே தேன் பாட்டில்களை முன்வரிசையில் அடுக்கிவிட்டான். ஜீவஹிம்சை என்று அப்பா காலத்திலிருந்து தேன் ஏறாத கடை. நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கழனியை மனை போடுகிறவர் எடுக்கிறார். அப்பா சொத்து என்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். மகன் ஸ்ரேயாஸ் என்னைப் பெங்களூருக்கு வந்து இருக்கச் சொல்கிறான். பெண்டாட்டி போன பிறகு இங்கே எனக்கு என்ன இருக்கிறது?

உன் முட்டி வலிக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையையும் தர்ஷினியையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
மல்லிநாதன்


திருப்பருத்திக்குன்றம்
20.1.2024

அன்புள்ள அண்ணாவுக்கு மாலா நமஸ்காரம்.

எண்ணெய் வந்தது. நாற்றம் தாங்காமல் உன் மாப்பிள்ளை வாசலில் படுக்கிறார். வலி குறைந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் பங்கு எதுவும் வேண்டாம், அதை நீ கேட்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் சொல். என் பிள்ளையை அந்தக் கழனியில் எங்கே வைத்தாய்?

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். நீதான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். பெற்றவள் வரக்கூடாது என்று அம்மா என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டாள். பிறகு எத்தனையோ முறை கேட்டேன், கண்ணை மூடுகிற வரைக்கும் அவள் சொல்லவில்லை. தென்னேரி என்று பலகை போட்ட பஸ் போனால் இன்னும் எழுந்து நின்று பார்க்கிறேன், அண்ணா. அவனுக்குப் பின்னால் பிறந்த தர்ஷினிக்கு இது தெரியாது.

விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கை மாறுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டு, போதும்.

உன் தங்கை
மாலா


வாலாஜாபாத்
29.1.2024

மாலாவுக்கு,

உன் கடிதத்தை மடித்து மடித்து வைத்துப் படித்தேன். பெற்றவளுக்கு இடம் காட்டினால் அவள் மனசு அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ மறந்திருப்பாய் என்று வேறு நினைத்தேன், எவ்வளவு பைத்தியக்காரன் பார்.

பத்திரப்பதிவு அன்றைக்கு வா. கையெழுத்து முடிந்ததும் நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

அண்ணன்
மல்லிநாதன்


பெங்களூர்
3.3.2024

அன்புள்ள மாலாவுக்கு,

வந்து சேர்ந்தேன். பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் சண்டை போடுகிறார்கள். காது கேட்காதது இங்கே வசதியாக இருக்கிறது.

பதிவு அன்றைக்கு ஆட்டோ கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். கையெழுத்துப் போடும்போதே பாதிப் பெயரில் நீ பேனாவை வைத்துவிட்டதைப் பார்த்தேன். அங்கே போய் நீ விழுந்துவிட்டால் மாப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அதைவிட நல்ல காரியம் ஒன்றை உனக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிறேன்.

பம்ப் ரூமின் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் பிள்ளையை வைத்தேன். வரைபடத்தில் அந்த இடம் ஒரு வீட்டு மனையாக இருந்தது. மனைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "பெருசு, அதெல்லாம் மாத்த முடியாது, அளந்து கல்லு நட்டாச்சி" என்றார். காலில் விழாத குறை. தென்னை மரங்களையும் மோட்டாரையும் விட்டுக் கொடுத்த பிறகு கோட்டைத் தள்ளிப் போட்டார். இப்போது அந்த இடம் முப்பதடிச் சாலையில் வருகிறது. இனி யாரும் அங்கே கடைக்கால் தோண்ட மாட்டார்கள். கக்கூஸ் குழி எடுக்க மாட்டார்கள். பிள்ளையை யாரும் தொடப் போவதில்லை, மாலா. எனக்கே இப்போதுதான் தூக்கம் வருகிறது.

கோடை விடுமுறையில் எல்லோரும் இங்கே வாருங்கள்.

அண்ணன்
மல்லிநாதன்


திருப்பருத்திக்குன்றம்
17.3.2024

அண்ணாவுக்கு,

போய் வந்தேன். தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே ஸ்கூட்டியை எடுத்தாள்.

வழியில் நம் கடையில் நிறுத்தி உரை மருந்து கேட்டேன். பிள்ளைக்கு அன்றைக்கு அது கொடுக்கவில்லை, அங்கேயாவது வைத்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அந்தப் பையன் ஜெயக்குமார், "எத்தினி மாசக் கொழந்தைம்மா?" என்றான். தர்ஷினிதான் "பொறந்து கொஞ்ச நாளு" என்றாள்.

பம்ப் ரூமை இடித்துக் கொட்டியிருந்தார்கள். செங்கல் கிடந்ததை வைத்துக் கிழக்குப் பக்கம் எது என்று கண்டுபிடித்தேன். ஜல்லி பரப்பியிருந்தது. கொஞ்சம் விலக்கி மருந்தை வைத்தேன். அதற்குள் ரோலர் வந்துவிட்டது. ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "யம்மா, ஓரமா போய் நில்லுமா, வேலை நடந்துக்கினு இருக்குது" என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். ஓரமாகப் போய் நின்றேன். அது போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் போனது. தர்ஷினி என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

நீ எனக்கு நல்லதுதான் நினைத்தாய். அதுதான் தாங்கவில்லை. கெட்டது செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது இருப்பேன். கோட்டைத் தள்ளிப் போடச் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பெற்றவள் நான்தானே, அண்ணா? கேட்டிருந்தால் வீடே வரட்டும் என்று சொல்லியிருப்பேன். வீடு என்றால் குழி எடுப்பார்கள், சரி. ஆனால் காலையில் யாராவது தண்ணீர் தெளிப்பார்கள். சாயங்காலம் விளக்கு எரியும். அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழும், சிரிக்கும், அழும். அவனுக்குத் துணையாக இருந்திருக்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கொஞ்ச காலம் எனக்குக் கடிதம் போடாதே.

ரத்னமாலா